ஆற்றை அளக்கும் காசு பிறந்த கதை

2018-ஆம் ஆண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு பட்டியல் வெளியிட்டது. இந்தியாவில் மாசுபட்ட ஆற்றுப் பகுதிகள் 351 என்றது அது. தமிழ்நாட்டிலிருந்து காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்டநதி ஆகிய ஆறு பெயர்கள் இருந்தன. அடையாறு இல்லை, கூவமும் இல்லை. நான்கு ஆண்டு கழித்து, 2022-இல், அடுத்த பட்டியல் வந்தது. நாடு முழுவதும் 311 பகுதிகள். இந்த முறை தமிழ்நாட்டின் பத்து ஆறுகளில் அடையாறும் கூவமும் இடம் பெற்றன. அதுவும் ஆவடிக்கும் சத்யா நகருக்கும் இடைப்பட்ட கூவம், நாட்டிலேயே மிக மோசமான அளவோடு உள்ளே வந்தது.

இந்த இரண்டு ஆறுகளும் அந்த நான்கு ஆண்டுகளில் கெட்டவை அல்ல. சென்னையில் வளர்ந்த எவருக்கும் அது தெரியும். ஆனால் வாரியத்தின் பட்டியல் நம் மூக்கைக் கேட்டுத் தயாராவதில்லை. எந்த இடத்தில் முறைப்படி பாட்டில் இறக்கி நீர் எடுத்துச் சோதிக்கிறார்களோ அந்த இடம்தான் அதில் ஏறும். பாட்டிலை இறக்க ஆள் வேண்டும், வண்டி வேண்டும், சோதனைக்கூடம் வேண்டும், கையெழுத்துப் போட ஒரு வேதியியலாளர் வேண்டும். இவை அத்தனைக்கும் மாதம் தவறாமல் காசு வேண்டும். அந்தக் காசு எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, எங்கே நின்றுபோனது என்பதுதான் இந்தக் கதை. தாம்பரத்தையும் அதைச் சுற்றியும் வாழ்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடையாறு தொடங்குவது நம் பக்கத்தில்தான்.

ஊற்று இல்லாத ஆறு

அடையாற்றுக்கு மலையில் ஊற்றுக்கண் கிடையாது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியே வெளியேறும் உபரி நீர்தான் அதன் தொடக்கம். ஏறக்குறைய 200 ஏரி குளங்களின் உபரி அதில் சேருகிறது. வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக வந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்தின் உபரியையும் வாங்கிக்கொள்கிறது. பிறகு அனகாபுத்தூர், விமான நிலையத்து ஓடுபாதையின் அடிப்பகுதி, மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று நகர்ந்து பட்டினப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடலில் கலக்கிறது. மொத்தம் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

தாம்பரம் இரண்டு நீர்வழிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. ரயில் பாதைக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கும் மேற்கே விழும் மழை பெரும்பாலும் அடையாற்றைத் தேடிப் போகிறது. கிழக்கே சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம், சிட்லப்பாக்கம் ஏரிகளின் நீர், ஏரிக்கு ஏரி இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு. ஆகவே தென்சென்னைப் புறநகரின் ஒரு வாய்க்காலில் கொட்டும் அழுக்கு, வேறொரு ஊரின் ஏரியிலோ, சதுப்பிலோ, கடலிலோ போய்ச் சேராமல் இருப்பதில்லை.

மழைக்காலம் முடிந்ததும் ஏரிகளின் கலங்கல் வற்றிவிடும். அதற்குப் பிறகும் அடையாற்றில் ஓட்டம் தெரிகிறது என்றால், அது வீடுகளிலிருந்தும் கழிவுநீர் லாரிகளிலிருந்தும் வருவது. வாய்க்கால்கள்தான் இந்த ஆற்றின் கிளையாறுகள். ஆற்றை நடுவில் மட்டும் அளந்தால் அழுக்கு இருக்கிறது என்று தெரியும். எந்த வாய்க்கால் கொண்டுவந்தது என்று தெரியாது. கிளைகளையும் அளந்தால்தான் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும்.

அளவுகோல் வந்த வழி

ஆற்று நீர் எவ்வளவு கெட்டது என்று ஒரே எண்ணில் சொல்லும் முறை சென்னையில் பிறந்தது அல்ல. 1888-இல் ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஆற்றங்கரையிலேயே பாட்டிலில் மாங்கனீசு சல்பேட்டையும், காரம் கலந்த அயோடைடையும் விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் படிவு விழும். ஆக்சிஜன் அறவே இல்லாத நீரில் படிவு வெள்ளையாகவே நின்றுவிடும். அப்படிப்பட்ட நீரில் மீன் பிழைக்காது என்பதைப் பாட்டிலே காட்டிவிடும்.

அடுத்த படி இங்கிலாந்தில் நடந்தது. கழிவுநீரை ஆற்றில் விடுவது பற்றி ஆராய 1898-இல் அமைத்த அரச ஆணையம், 1912-இல் தன் எட்டாவது அறிக்கையில் ஒரு சோதனையை நிலைநிறுத்தியது. நீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிரிகள் தின்று செரிக்கும்போது எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்று அளப்பது அது. பி.ஓ.டி. என்று இன்று எல்லாச் சோதனைக்கூடங்களிலும் சொல்வது இதைத்தான். ஆணையம் ஐந்து நாள் சோதனையைத் தேர்ந்தது. இந்தியாவின் வெப்பத்துக்கு ஏற்ப நாம் 27 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறோம்.

அந்த ஆணையம் வகுத்த வரம்பு, சுத்திகரித்த கழிவுநீர் லிட்டருக்கு 20 மில்லிகிராம் பி.ஓ.டி.யைத் தாண்டக் கூடாது என்பது. அதற்குள் ஓர் அனுமானம் இருந்தது: ஒரு பங்கு கழிவுநீரோடு எட்டுப் பங்கு நல்ல ஆற்று நீர் வந்து கலக்கும். மார்ச் முதல் செப்டம்பர் வரை அடையாற்றில் அந்த எட்டுப் பங்கை எங்கே தேடுவது? ஆண்டு முழுக்க நீரோடும் ஆறுகளுக்காகப் பிறந்த அளவுகோல், ஏரி உபரியில் வாழும் ஆற்றுக்கு வரும்போது இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். இன்னும் அடிக்கடி அளக்க வேண்டும்.

இந்தியாவில் குளிக்கத் தகுந்த நீருக்கு பி.ஓ.டி. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது. அதைத் தாண்டினால் மாசுபட்டது. 30-ஐத் தாண்டினால் முதல் முன்னுரிமை, அதாவது மிக மோசமான வகுப்பு. 2022 பட்டியலில் கூவத்துக்கு வந்த எண் 345. அது என்ன என்று உணர ஒரு கணக்கு போதும். 27 டிகிரியில் நல்ல நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும். அப்படியானால் ஒரு லிட்டர் கூவத்து நீரின் அழுக்கு, 40 லிட்டருக்கு மேற்பட்ட நல்ல நீரின் ஆக்சிஜன் முழுவதையும் குடித்துத் தீர்த்துவிடும்.

சட்டம் பிறந்தது, காசு பிறக்கவில்லை

1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் மாநாடு நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி நேரில் போய்ப் பேசினார். இரண்டு ஆண்டுக்குள், 1974 மார்ச் 23 அன்று, நீர் மாசுத் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நீர் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது என்பதால், மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகே நாடாளுமன்றம் இதை இயற்ற முடிந்தது. மற்ற மாநிலங்கள் பின்னால் ஏற்றுக்கொள்ளலாம். தமிழ்நாடு அப்படிப் பின்னால் சேர்ந்த மாநிலம். நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரி 27 அன்றுதான் அமைந்தது.

சட்டத்தின் 17-ஆம் பிரிவு மாநில வாரியத்துக்குப் பெரிய வேலைப் பட்டியலைக் கொடுத்தது. மாசு பற்றிய தகவல் திரட்ட வேண்டும், கழிவுகளைச் சோதிக்க வேண்டும், தரங்களை வகுக்க வேண்டும், சோதனைக்கூடம் அமைக்கலாம். வேலை எழுதியாகிவிட்டது, கூலி எங்கே என்ற கேள்வி உடனே எழுந்தது. அரசின் பொது மானியத்தை மட்டும் நம்பினால், பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் சாலையும் கேட்டு நிற்கும் வரிசையில் ஆற்று நீர்ப் பாட்டில் கடைசியில்தான் நிற்கும்.

அதற்கு வந்த விடைதான் 1977-ஆம் ஆண்டின் நீர் செஸ் சட்டம். செஸ் என்பது குறிப்பிட்ட ஒரு வேலைக்கென்றே வசூலிக்கும் வரி. மத்திய, மாநில வாரியங்களின் வருவாயைப் பெருக்குவதற்காக இது என்று சட்டமே நோக்கத்தைச் சொல்லியது. நீரைப் பயன்படுத்தும் குறிப்பிட்ட தொழில்களும், நீர் வழங்கும் உள்ளாட்சி அமைப்புகளும் இதைக் கட்ட வேண்டும். அளப்பதற்கு மீட்டர் பொருத்த வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் வைத்தவர்களுக்குத் தள்ளுபடி உண்டு.

விகிதத்தைப் பாருங்கள். ஆயிரம் லிட்டருக்கு, எந்திரத்தைக் குளிர்விக்கும் நீருக்கு முக்கால் பைசா. வீட்டு உபயோகத்துக்கு ஒரு பைசா. எளிதில் மக்கும் அழுக்கைச் சேர்க்கும் தொழிலுக்கு இரண்டு பைசா. எளிதில் மக்காத, நச்சான அழுக்கைச் சேர்ப்பவருக்கு இரண்டரைப் பைசா. நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் வழங்கும் ஊர் ஒன்றை எடுத்துக்கொண்டால், அது கட்ட வேண்டியது நாளுக்கு 100 ரூபாய். ஆண்டுக்கு 36,500 ரூபாய்.

சிறிய தொகைதான். ஆனால் அந்தச் சட்டத்தில் ஓர் அரிய அறிவு இருந்தது. நீரைத் தொடும் ஒவ்வொருவரும், நீரை அளப்பதற்கு ஒரு பைசாவாவது கொடுக்க வேண்டும். அதிகமாகக் கெடுப்பவர் அதிகமாகக் கொடுக்க வேண்டும். வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும், ஆட்சி மாறினாலும், நீர் ஓடும்வரை காசும் வரும். அளவீட்டுக்குத் தேவைப்படுவது இத்தகைய தவறாத வருவாய்தான்.

வலை விரிந்தது

1978-இல் உலகச் சுற்றுச்சூழல் அளவீட்டு அமைப்பான ‘ஜெம்ஸ்’ திட்டத்தில் சேர்ந்து இந்தியா தேசிய அளவில் நீரை அளக்கத் தொடங்கியது. 24 இடங்களில் ஆறு, ஏரி நீர். 11 இடங்களில் நிலத்தடி நீர். 1984-இல் ‘மினார்ஸ்’ என்ற நம் சொந்தத் திட்டம் வந்தது. பத்து ஆற்றுப் படுகைகளில் 113 இடங்கள். அந்த வலை பின்னர் பல மடங்கு பெருகியது. மாநில வாரியங்களின் ஊழியர்கள்தான் நீரை எடுத்தார்கள், சோதித்தார்கள், எண்ணை எழுதினார்கள்.

ஒவ்வொரு இடத்திலும் கட்டாயம் பார்க்க வேண்டியவை ஒன்பது: கார அமிலத் தன்மை, வெப்பம், மின் கடத்தும் திறன், கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி., நைட்ரேட், நைட்ரைட், மொத்தக் கோலிஃபார்ம், மலக் கோலிஃபார்ம். இவற்றில் வெப்பத்தைக் கரையிலேயே படித்துவிடலாம். ஆக்சிஜனைக் கரையிலேயே ரசாயனம் விட்டு நிறுத்தியாக வேண்டும். கிருமிகளைப் பார்க்கும் பாட்டில் ஐஸ் பெட்டியில் சில மணி நேரத்துக்குள் கூடத்துக்குப் போயாக வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் அந்தப் பெட்டி மாட்டிக்கொண்டால் அன்றைய நாள் வீண். வண்டிக்கும் ஐஸுக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு பெரிதாகத் தெரியாது. அது ஒவ்வொரு மாதமும் வந்தாக வேண்டும் என்பதில்தான் கஷ்டம்.

நம் பகுதியில் இதன் தேவை கண்ணெதிரே இருந்தது. 1910-களிலேயே குரோம் லெதர் தொழிற்சாலை வந்த மண் இது. பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டைச் சுற்றிலும் தோல் பதனிடும் தொழில் வேர்விட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில். அதே சமயம் உப்பும் குரோமியமும் கலந்த நீரை வெளியேற்றிய தொழில். 1996 ஆகஸ்டு 28 அன்று, வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்புக் கொடுத்தது. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. அது பட்டியலிட்ட மாவட்டங்களில் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் இருந்தது. பல்லாவரத்துத் தோல் பட்டறைகள் அதற்குள்தான் வரும். ஒவ்வொரு பட்டறைக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு இல்லாமல் இயங்கத் தடை. ஆற்றுக்கும் நிலத்துக்கும் நேர்ந்த இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையமும் உருவானது.

நீதிமன்றம் இழப்பைக் கணக்கிடச் சொல்லலாம். ஆனால் முன்பு நீர் எப்படி இருந்தது என்ற பழைய எண் இல்லாமல் இழப்பு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? அளவீட்டின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரியும். ஆறு வருடம் கழித்துக் கால்வாய் கட்டலாம், பத்து வருடம் கழித்துச் சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம். போன மாதம் எடுக்காத நீரை இனி எத்தனை கோடி கொடுத்தாலும் எடுக்க முடியாது.

திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போன காசு

அடையாற்றுக்கு அறிக்கைகள் குறைவில்லை. 1991-இல் பிரிட்டன் நிறுவனமான செவர்ன் டிரென்ட் சென்னையின் நீர்வழிகளை ஆராய்ந்தது. 1994-இல் மாட் மெக்டொனால்டு ஆராய்ந்தது. 2000-இல் மத்திய அரசு சென்னை நகர நதிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு 491.52 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்தது. 2006-இல் அடையாறு பூங்கா அறக்கட்டளை உருவானது. 2010-இல் அதுவே சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆனது. 2011 ஜனவரியில் கழிமுகத்தருகே 58 ஏக்கரில் பூங்கா திறந்தது. பின்னர் முழு அடையாற்றுக்கும் 555.46 கோடியில் சீரமைப்புத் திட்டம். 2024 மாநில நிதிநிலை அறிக்கையில் 1,500 கோடியில் இன்னொன்று.

ஒவ்வொரு திட்டமும் தொடங்கும்போது நீரை அளந்தது. அளக்காமல் திட்ட அறிக்கை எழுத முடியாது. ஆனால் அந்த அளவு திட்டத்தின் காசில் நடந்தது. திட்டம் முடிந்தால் முடிந்துவிடும். வேறு நிறுவனம், வேறு இடம், வேறு மாதம். ஒன்றை இன்னொன்றோடு ஒட்டிப் பார்க்க முடிவதில்லை. 1991-இல் திருநீர்மலையில் நீர் எப்படி இருந்தது, 2001-இல், 2011-இல், 2021-இல் எப்படி இருந்தது என்று ஒரே இடத்தில், ஒரே முறையில், இடைவெளி இல்லாமல் எழுதிய ஒரு தாள் நம் கையில் இருந்தால், இத்தனை கோடிகளில் எது பயன் கொடுத்தது என்று ஒரு பள்ளி மாணவர்கூடச் சொல்லிவிடுவார்.

பால் சொசைட்டியில் கேனைத் திறந்து லாக்டோமீட்டர் போட்டுப் பார்த்த பிறகுதான் காசு எண்ணிக் கொடுக்கிறார்கள். ஆற்றுக்கு வேலை செய்கிறவர்களுக்கு நாம் லாக்டோமீட்டர் இல்லாமலே பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கரைச் சுவர் எத்தனை மீட்டர், தூர் எத்தனை கனமீட்டர் என்று அளந்து பில் போடுகிறார்கள். நீர் எவ்வளவு தெளிந்தது என்று அளந்து யாரும் பில் போடுவதில்லை.

2015-ம் 2017-ம்

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடிவரை நீர் திறந்தார்கள். முடிச்சூர், வரதராஜபுரம் முதல் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்வரை அடையாறு வீடுகளுக்குள் வந்தது. அதற்குப் பின் ஆற்றை அகலப்படுத்தினார்கள், ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள், ஒரத்தூரில் புதிய நீர்த்தேக்கம் கட்டினார்கள், வெள்ளத்தை முன்னறிவிக்கும் கருவிகள் வந்தன. உயிர் போன அனுபவம் நமக்கு ஆற்றின் உயரத்தை அளக்கக் கற்றுக்கொடுத்தது. இது பெரிய முன்னேற்றம். அதே கவனம் ஆற்று நீரின் குணத்துக்கும் வர வேண்டும். உயரம் ஓர் இரவில் கொல்லும் என்பதால் அஞ்சுகிறோம். கெட்ட நீர் நிலத்தடியில் இறங்கிக் கிணற்றையும் போர்வெல்லையும் தொட ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது என்பதால் அதைத் தள்ளிப்போடுகிறோம்.

இரண்டு ஆண்டு கழித்து அமைதியாக இன்னொன்று நடந்தது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தது. பல வரிகளை ஒன்றாக்கும் அந்தப் பெரிய மாற்றத்தில், தனித்தனி செஸ்கள் பலவற்றை நீக்கினார்கள். 1977-இன் நீர் செஸ்ஸும் அவற்றில் ஒன்று. 2003-இல் உயர்த்தியபோதும் அது வீட்டு நீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 2 பைசாவாகத்தான் இருந்தது. அந்தப் பைசாக்களும் நின்றன.

நீர் செஸ்ஸில் குறை இருந்தது என்பது உண்மை. அது முதலில் டெல்லியின் தொகுப்பு நிதிக்குப் போய், பின்னர் மாநில வாரியங்களுக்குத் திரும்பி வரும். பல்லாவரத்தில் வசூலான பைசா பல்லாவரத்து வாய்க்காலுக்குத்தான் செலவாகும் என்ற பிணைப்பு இல்லை. விகிதம் மிகச் சிறியது. ஆனால் குறையைத் திருத்தியிருக்கலாம். நீக்கியதால், வாரியங்கள் தொழிற்சாலைகள் கட்டும் இசைவுக் கட்டணத்தை இன்னும் அதிகமாகச் சார்ந்து நிற்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலைக்கு இசைவு கொடுக்கும் கட்டணத்தில் வாழும் அமைப்பு தொழிற்சாலைகளைக் கவனிக்கும், அது இயல்பு. தாம்பரத்தின் இன்றைய அழுக்கில் பெரும்பங்கு வீடுகளிலிருந்து வருவது. அதற்கு இசைவும் இல்லை, இசைவுக் கட்டணமும் இல்லை.

வேறு வழி உண்டு

பிரான்சு 1964 டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றியது. நாட்டை ஆறு பெரிய ஆற்றுப் படுகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நீர் நிறுவனம் அமைத்தது. நீரை எடுப்பவரும் கெடுப்பவரும் அந்தப் படுகையின் நிறுவனத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஊராட்சிகளும் தொழில்களும் அரசும் உட்கார்ந்த குழு அதைத் தீர்மானிக்கும். அந்தப் படுகையில் வசூலான காசு அந்தப் படுகைக்கே செலவாகும். அறுபது ஆண்டுகளாக இது நடக்கிறது. நம் நீர் செஸ்ஸின் தத்துவமும் அதன் தத்துவமும் ஒன்றுதான். காசு தங்கும் இடம்தான் வேறு.

நம் ஊரிலேயே நல்ல தொடக்கங்கள் இருக்கின்றன. வேளச்சேரி-தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், 1991-இல் தொடங்கிய கடல்நீர் அளவீட்டுத் திட்டத்தைத் தொடர்ந்து நடத்திவருகிறது. மத்திய அரசு தவறாமல் நிதி கொடுப்பதால் கடலுக்கு முப்பது ஆண்டுக்கும் மேலான தொடர் பதிவு இருக்கிறது. கடலுக்குப் போய்ச் சேரும் வாய்க்காலுக்கு அது இல்லை. செம்பாக்கம் ஏரியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, ஐ.ஐ.டி. மெட்ராஸ் மூன்றும் சேர்ந்து சீரமைப்பு செய்தன. சிட்லப்பாக்கத்தில் குடியிருப்பவர்கள் அமைப்பாகத் திரண்டு பல ஆண்டுகள் கேட்டு நின்றதால் ஏரிக்கு அரசின் கவனம் வந்தது. அக்கறைக்குக் குறைவில்லை. அக்கறையும் நன்கொடையும் ஓர் ஏரியைத் தூக்கி நிறுத்தும். ஆனால் ஒரு படுகை முழுவதையும் மாதந்தோறும் அளப்பதற்குப் பொதுப் பணம்தான் தாங்கும்.

அதைத் தாங்கும் அமைப்பு இப்போது நம்மிடம் இருக்கிறது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. முன்பு வாய்க்கால் ஊரெல்லை தாண்டியதும் பொறுப்பும் தாண்டிவிடும். இன்று பெருங்களத்தூரிலிருந்து அனகாபுத்தூர்வரை அடையாற்றின் தென்கரையில் பெரும்பகுதியும், பள்ளிக்கரணைக்கு இறங்கும் ஏரித் தொடரின் மேல்பகுதியும் ஒரே மாநகராட்சிக்குள் இருக்கின்றன. 2022-இல் பள்ளிக்கரணை ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதற்கு நீர் அனுப்பும் ஏரிகளின் தரத்தைப் பதிவு செய்வது இனி உலகத்துக்கு நாம் கொடுத்த வாக்கும்கூட.

செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, மாநகராட்சியின் ஆண்டு வரவு செலவில் நீர்த்தர அளவீட்டுக்கென்று தனித் தலைப்பு ஒன்று வேண்டும். வேறு எதற்கும் மாற்ற முடியாத தலைப்பு. கழிவுநீர் லாரிகளின் உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கு, வாய்க்காலில் கொட்டிப் பிடிபட்டவர்களின் அபராதம், பாதாளச் சாக்கடைக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு ஆகியவை அதில் சேரட்டும். 1977-இன் பைசாவை ஊரளவில் மீண்டும் பிறப்பிப்பதுதான் இது. இரண்டாவது, ஆற்றுத் திட்டம் எதுவானாலும், அது முடிந்த பின்னரும் சில ஆண்டுகள் அதே இடங்களில் நீரை அளப்பதற்கான தொகையை முதல் நாளே ஒதுக்கி வைக்க வேண்டும். மூன்றாவது, ஆதனூர் கால்வாய் சேரும் இடம், முடிச்சூர், திருநீர்மலைச் சங்கமம், அனகாபுத்தூர் என்று ஆற்றிலும், ஆற்றில் விழும் ஒவ்வொரு பெரிய வாய்க்காலின் வாயிலும், கிழக்கே ஒவ்வொரு ஏரியின் கலங்கலிலும் நிலையான அளவீட்டு இடங்கள் குறிக்க வேண்டும். அந்த எண்களை ஒவ்வொரு மாதமும் வார்டு அலுவலகத்தின் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். நம் பகுதியில் பொறியியல் கல்லூரிகளுக்கும் வேதியியல் துறைகளுக்கும் பஞ்சமில்லை. அங்கீகாரம் பெற்ற கூடங்கள் சோதிக்கட்டும். மாணவர்கள் நீர் எடுக்கப் பழகட்டும்.

நூறு கோடி செலவில் கரை கட்டுவதற்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மாதாமாதம் பாட்டில் இறக்குவதற்கு விழா கிடையாது. அதனால்தான் அதற்கான காசை நாம் கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்த நிதிநிலைக் கூட்டத்துக்கு முன் உங்கள் வார்டு உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்: நம் வாய்க்காலை அளக்க இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள், அந்த எண்ணை எந்தப் பலகையில் ஒட்டுவீர்கள்? இதே கேள்வியை எழுபது வார்டுகளும் கேட்டால் மாநகராட்சி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.